நேத்து ஒண்ணும் இல்லியே?

அந்த அக்கா சிரிக்காமல் 'வேடிக்க' என்று சொல்வார். நான் பார்த்தவரையில் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொன்ன ஒரே ஆள் அவர்தான். துக்க வீட்டில் பேசுவதைப்போலத் தாழ்ந்த குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பாப்பா, போன வாரம் உன் தமிழ்ப் பாடத்தில் முரண்நகைக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். 'குடை எடுத்துப் போகாத அன்று மழை வந்தது' என்று எழுதியிருந்தாய். டீச்சரும் சரி போட்டிருந்தார். டீச்சரை மறுத்துப் பேசுகிற படிப்பு எனக்கில்லை. பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். ஆனால் அந்த அக்கா உன் நோட்டைப் பார்த்திருந்தால், "கண்ணு, மழ வந்தா அது மழ. இதுல இன்னா வேடிக்க கீது?" என்று கேட்டிருப்பார். அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. தம்பியும் நீயும் சுடலை மாமாவின் சுட்டுவிரல் ஏன் பாதியாக இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், மெஷின்ல போச்சு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். அதுவும் இதுவும் ஒரே கதைதான். எழுதிவிடுகிறேன். இரண்டு பேரும் படியுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், ஒரகடம் பக்கம் கார்களுக்குத் தகட்டு உறுப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் நானும் சுடலையும் டிரெய்னியாக இருந்தோம். இரண்டு பேரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். வல்லக்கோட்டை போகிற சாலையில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். கம்பெனி கேட்டைத் தாண்டியதும் ஒரு பச்சைப் பலகை நிற்கும். 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே மூன்று கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஓர் எண் எழுதிய தகரத் தகடு தொங்கும். தினமும் காலையில் ஒரு நாளைக் கூட்டித் தகட்டை மாற்றுவது அந்த அக்காவின் வேலை. துப்புரவு ஒப்பந்தத்தில் வந்தவர். நாற்பது வயது இருக்கும். நீலக் கோட்டு. தகடுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கோட்டு முனையால் துடைப்பார்.

அவர் அந்த வேலையைச் செய்வதில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, அந்த வழியாக வருகிற யாராவது ஒரு தொழிலாளியை நிறுத்தி, "நேத்து ஒண்ணும் இல்லியே கண்ணு?" என்று கேட்பார். ஒண்ணும் இல்லக்கா என்று அந்த ஆள் வாயால் சொன்ன பிறகுதான் தகட்டை மாற்றுவார். தலையாட்டினால் போதாது. சொல்லவேண்டும். கம்பெனி பஸ் டிரைவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் நம்பர் ஏறத்தானே போகிறது என்பார்கள். அவர் ஸ்டூலில் நின்றபடியே, "ஆராவது ஒருத்தரு சொல்லணும்பா. நானா எப்பிடி மாட்டுறது?" என்பார். எங்கள் பஸ் முதலில் வரும். நான் முன்படியில் நின்று வருகிறவன். அதனால் அநேகமாக நான்தான் அவரிடம் அகப்படுவேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதட்டுமா என்று கேட்பதற்கு அவர் இப்போது இங்கே இல்லை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேறொரு கம்பெனிக்கு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன், பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள். யாரையும் கேட்காமல் எதையும் மாட்டாதவரின் பெயரைக் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

'வேடிக்க' விஷயத்துக்கு வருகிறேன். டீ நேரத்தில் அவரிடம் ஏதாவது சொல்லி அந்தச் சொல்லை வரவழைக்க நானும் சுடலையும் போட்டி போடுவோம். லேசில் வராது. பக்கத்துக் கம்பெனியில் நாள் முழுக்க போன் தயாரிக்கிற பெண்கள், தங்கள் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இது வேடிக்கைதானே என்று கேட்டேன். அது ரூல் என்று சொல்லிவிட்டார். பொய்க்குப் பாராட்டுகிற மாதிரி குத்துவது இருக்கிறதே, லேட்டாக வந்தவனைப் பார்த்து லைன் லீடர் "வாங்க எம்.டி. சார்" என்பது, அதுவும் முரண்நகையில் ஒரு வகை என்று பாப்பாவின் புத்தகத்தில் இருக்கிறது. அக்காவுக்கு அது வெறும் வாய்க்கொழுப்பு.

ஒருநாள் சுடலை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான். அக்கா பிறந்த வீடு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம். ஏரித் தண்ணீர் பட்டணத்துக்குப் போகிறது, ஏரிக்கரையில் இருக்கிறவர்கள் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். "இதாச்சும் வேடிக்கையா இல்லையா யக்கா?" என்றான். அக்கா டீயைக் கீழே வைத்தார்.

"இது அநியாயம்பா. அநியாயத்துக்கு வேடிக்கன்னு பேரு வெச்சா, செஞ்சவன் தப்பிச்சிக்குவான்."

அப்படியானால் எதைத்தான் வேடிக்கை என்பார்? கேன்டீனில் நடந்ததைச் சொல்கிறேன். சோறு நிறைய வீணாகிறது என்று, தட்டு கழுவுகிற இடத்தில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். மிச்சம் வைக்கிறவனின் டோக்கன் நம்பரை அவர் குறித்துக்கொள்வார். மறுநாளிலிருந்து எல்லார் தட்டும் பளிச்சென்று இருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ரொம்பச் சந்தோஷம். உண்மையில் மிச்சச் சோற்றைப் பேப்பரில் மடித்துப் பையில் போட்டு எடுத்துப் போய், உடை மாற்றும் அறையில் பீரோவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தோம். நானும்தான். பத்து நாளில் எலி வந்தது. எலிக்கு மருந்து வைத்தார்கள். எலி செத்து, பக்கத்துக் கேன்டீன் வரைக்கும் நாற்றம். அந்த வாரம் ஒருவராலும் சாப்பிட முடியவில்லை, அண்டா அண்டாவாகச் சோற்றைக் கொட்டினார்கள். பீரோவை நகர்த்தி அத்தனையையும் வாரியது அக்காதான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல், "வேடிக்க" என்றார்.

அன்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. கெட்டது நடந்தால் மட்டும் போதாது. எதைத் தடுக்கவென்று ஒரு காரியம் செய்தோமோ, அந்தக் காரியமே அதைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தவேண்டும். செய்கிறவர்களுக்கு அது தெரியாது, தள்ளி நின்று பார்க்கிறவருக்குத் தெரியும். அக்கா எப்போதும் தள்ளித்தான் நின்றார். துடைப்பத்தோடு நிற்கிறவரை யார் கிட்டே கூப்பிட்டார்கள்?

அவர் வீட்டுக்காரரைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். நாங்கள் வேலை செய்த ஷெட்டைக் கட்டும்போது கூரையிலிருந்து விழுந்தவராம். இடுப்பு போய்விட்டது. வீட்டோடு இருக்கிறார். அந்தப் பலகை வைத்தது அதற்கு அப்புறம். அவர் விழுந்த கட்டடத்தின் வாசலில் அவர் மனைவியே விபத்தில்லா நாட்களை மாட்டுகிறார். எனக்கு அப்போது சின்ன வயசு, யோசிக்காமல் கேட்டுவிட்டேன், இதுதான் அக்கா பெரிய வேடிக்கை என்று. அவர் கோபப்படவில்லை.

"இல்ல கண்ணு. கயிறு கட்டல, வியுந்தாரு. அவ்ளோதான்."

சுடலைக்கு அடிபட்ட அன்று பலகையில் முந்நூற்று நாற்பத்தொன்று தொங்கியது. முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் ஆளுக்கொரு குக்கர் என்று சொல்லியிருந்தார்கள். டிரெய்னிகளை நிரந்தரம் செய்யும்போது எங்கள் லைனை முதலில் பார்ப்பார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சுடலை ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றான். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுத்ததும் மேலிருந்து அச்சு இறங்கும் மெஷின் அது. கை உள்ளே இருந்தால் இறங்கக் கூடாது. அதைக் கண்டுகொள்ள இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. ஏழாம் நம்பரில் அந்த சென்சார் எப்போதாவது ஒரு தடவை ஏமாற்றும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவன் கத்தவில்லை. கையுறையோடு விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லைன் லீடர் ஓடி வந்து பார்த்தார், பிறகு அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். இன்னும் இருபத்து நாலு நாள்தான் என்று மட்டும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் சுடலையே பேசினான். முகம் வெளுத்து, வியர்த்துக்கொண்டிருந்தது.

"மாப்ள, போர்டு போயிரும்ல. பைக்குல விழுந்தேன்னே சொல்லு."

அடிபட்டவனே சொன்னான் என்பதை இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் காய்ச்சல் என்று சொல்லி கேட் பாஸ் வாங்கியது நான். அவனை ஓர் இரவல் பைக்கில் வைத்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஓட்டிக்கொண்டு போனது நான். கிளினிக்கில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டபோது, பைக் செயினில் மாட்டி விழுந்துட்டான் சார் என்று சொன்னதும் நான். அவர் நம்பி அப்படியே எழுதினார். விரலில் பாதியை எடுக்கவேண்டி வந்தது. இரண்டு நாள் கழித்து சுடலை ஊருக்குப் போனான்.

அடிபட்டதற்கு மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அக்கா ஸ்டூலில் நின்றார், கையில் 'இரண்டு' தகடு.

"நேத்து ஒண்ணும் இல்லியே கண்ணு?"

ஒண்ணும் இல்லக்கா என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தகட்டைத் துடைத்து மாட்டினார்.

உள்ளே போனால், சுடலை வருகிறவரைக்கும் ஏழாம் நம்பரில் நீ நில் என்றார் லைன் லீடர். போய் நின்றேன். அந்த மெஷின் என்ன செய்யும் என்று அங்கே எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தெரியும் என்று வெளியே சொல்ல முடியாது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் மெயின்டனன்ஸ் அண்ணனைக் கூப்பிட்டு சென்சாரில் சந்தேகம் என்றேன். அவர் ஒரு குச்சியை உள்ளே நீட்டி நீட்டிப் பத்துத் தடவை பார்த்தார். பத்துத் தடவையும் மெஷின் ஒழுங்காக நின்றது. "நல்லாத்தானே கீது? ஏதாச்சும் ஆச்சா இன்னா?" என்று கேட்டார். ஒண்ணும் இல்லண்ணே என்றேன். அவர் போய்விட்டார்.

ஒவ்வொரு தகட்டையும் வைத்துவிட்டுக் கையை நெருப்பிலிருந்து இழுப்பதைப்போல இழுப்பேன். ராத்திரி படுத்தால் கை தானாகத் துள்ளும். ஞாயிற்றுக்கிழமைகள் போக, தினமும் காலையில் அக்கா கேட்டார். தினமும் ஒண்ணும் இல்லை என்றேன். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. என் குரலில்தான் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

பலகை முந்நூற்று ஐம்பத்தேழில் இருந்த அன்று சாயங்காலம், லைன் லீடர் என்னை வேறு மெஷினுக்கு மாற்றினார். நாளையிலிருந்து ஏழாம் நம்பரில் புதிதாக ஓர் அம்மா நிற்பார், வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வருகிறார் என்றார். அவர் அப்போதே வேலை பார்த்துக்கொள்ள வந்து ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்து, இது கஷ்டமான மெஷினா அண்ணே என்று கேட்டார். பழகிட்டா ஒண்ணும் இல்லம்மா என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இதை எழுதத்தான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. நான் தப்பித்துவிட்டேன் என்று தூங்கினேன்.

காலையில் அக்கா கேட்டார். வழக்கமான பதில் நாக்கு வரைக்கும் வந்தது. அந்த அம்மா எனக்கு முன்னால் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே நடந்துகொண்டிருந்தார்.

"இருந்துச்சுக்கா," என்றேன். "நேத்து இல்ல. பதினேழு நாளைக்கு முன்னாடி."

ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. முடித்ததும், "நா இத்த எடுத்தா உன்ன சும்மா வுட மாட்டாங்க. தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "என்னியும்தான்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறினார். மூன்று தகடுகளையும் கழற்றி டப்பாவில் போட்டார். ஒரு பூஜ்யத்தை எடுத்துத் துடைத்து, நடுக்கொக்கியில் மாட்டினார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நான் ஓடிப்போய் அந்த அம்மாவை மெஷினிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னேன். அரை மணியில் ஏழாம் நம்பரை நிறுத்தினார்கள். பிரித்துப் பார்த்ததில் சென்சாருக்குள் ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. குக்கர் போயிற்று. லைனில் என்னோடு ஒருவரும் பேசவில்லை. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால், "வழி வுடுங்கப்பா, உத்தமரு வராரு," என்று எழுந்து போவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சுடலை போனில் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏலே, வெரலு என் வெரலு. அதச் சொல்ல நீ யாருல?"

கம்பெனிக்குள் நடந்த விபத்து என்று ஆகிவிட்டதால் அவனுக்கு நஷ்டஈடு கிடைக்கவேண்டும். ஆனால் கிளினிக் சீட்டில் பைக்கிலிருந்து விழுந்தான் என்று இருக்கிறது. நான் சொன்ன பொய் டாக்டர் கையெழுத்தோடு இருந்தது. அவன் பட்ட நிஜத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் சாட்சி கேட்டார்கள். லைனில் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் போனேன். அக்காவைப் போகக் கூடாது என்று அவருடைய ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். அப்படியும் அக்கா வந்திருந்தார்.

அலுவலக வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. ஒரு கோடியில் சுடலை, கைக்கட்டோடு, என் பக்கம் திரும்பாமல். நடுவில் அக்கா. அவர் பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்து மடியில் வைத்தார். உள்ளே ஒரு கையுறை. சுட்டுவிரல் இடத்தில் கிழிந்து, ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கே, கழிவு டிரம்மில் இருந்தது என்றார். தெரிந்துகொண்டா தினமும் என்னைக் கேட்டீர்கள் என்றேன். தெரிந்துகொண்டா மாட்டினீர்கள்?

அவர் கவரை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"எனுக்கும் வேல வேணும்ல கண்ணு. வூட்டுல அவரு கீறாரு. நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். சொல்லியிருக்காட்டி நானும் மாட்டிகினேதான் இருந்திருப்பேன்." கவரைத் திருப்பி வைத்தார். "பொய்யி மாட்டக் கூடாதுன்னுதான் கேக்க ஆரம்பிச்சேன். கேட்டதால பொய்யி சொன்னீங்க. ஒருத்தரு சொல்லிட்டாருன்னு நானும் மாட்டுனேன். கேக்காம மாட்டியிருந்தா நம்பரு மட்டுந்தான் பொய்யி."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த குரலில், "வேடிக்க," என்றார். அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றியே அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பெஞ்சின் கோடியிலிருந்து சுடலை பேசினான். "மொதல்ல மறைக்கச் சொன்னது நான்தான யக்கா." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்கிறமாதிரி சொன்னான்.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விபத்து நடந்தது என்கிறீர்கள், அதற்குப் பிறகும் உங்கள் கம்பெனிப் பலகையில் எண் ஏறிக்கொண்டே போயிருக்கிறதே, ஒருவரும் விசாரிக்கவில்லையா என்று கேட்டார்.

"கேட்டாங்க சார். என்னைத்தான் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"பதினாலு தடவை சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அதையும் எழுதினார். எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தேன். மாற்றச் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. போட்டேன்.